"நாலு நாள் உள்ள வைங்க சார்"

ஸ்டேஷன் படியேறும் பெற்றோருக்கு – 6

போன் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் செகண்ட் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா அப்போதுதான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருப்பார். "உங்க பையன் ஸ்டேஷன்ல இருக்கான், வந்து பாருங்க." ஓடிப்போகும் அம்மா மகனைக் கண்டதும் முதலில் முதுகில் இரண்டு வைப்பாள். அப்புறம் அழுவாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ரைட்டரிடம் சொல்வாள்: "என் பேச்சுக்கு அடங்க மாட்டேங்கறான் சார். நாலு நாள் உள்ள வைங்க, அப்பதான் புத்தி வரும்."

கோபத்தில் சொல்வதுதான். ஆனால் பிள்ளைக்கு எதிராக ஒரு தாய் சொல்லக்கூடியதில் இதைவிடக் கெடுதலான சொல் இல்லை.

18 வயது முடியாத பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது, ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது, கைவிலங்கு மாட்டக் கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் நிறுத்தியாக வேண்டும். 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் இளைஞர் நீதிச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண்: இதுதான் குழுமம். கூண்டு கிடையாது.

எந்த ஊர்க் குழுமம்? நம் பக்கத்தில் இது ஒரு குழப்பம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022-ல் தொடங்கிய ஆவடி போலீஸ் கமிஷனரேட்டில் வருகின்றன. ஆனால் அம்பத்தூர் தாலுகா 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. மற்ற இரண்டும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. குழுமமோ மாவட்டவாரியாக அமைவது. எங்கே, எத்தனை மணிக்கு ஆஜர்படுத்துகிறீர்கள் என்று ஸ்டேஷனிலேயே கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பூந்தமல்லி கோர்ட் வாசலில் போய் நின்று அரை நாளைத் தொலைக்காதீர்கள்.

பையிலே என்ன எடுத்துப் போவது? பணக்கட்டுக்கு முன்னால் பள்ளிச் சான்றிதழ், இல்லையென்றால் மாநகராட்சியோ நகராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ். வயதை நிரூபிக்கச் சட்டம் முதலில் தேடுவது இவற்றைத்தான். இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. வக்கீலுக்கு வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும்.

இப்போது அம்மாவின் பேச்சுக்கு வருவோம். இந்தச் சட்டத்தில் ஜாமீன்தான் வழக்கம், மறுப்பது விதிவிலக்கு. வெளியே விட்டால் குற்றவாளிகளின் கூட்டத்தில் சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதி கெட்டுப்போகும் என்று குழுமம் நம்பக் காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். இதையெல்லாம் எதை வைத்துத் தீர்மானிப்பார்கள்? வீட்டை வைத்து. போலீஸ் அனுப்பும் சமூகப் பின்னணி அறிக்கையிலும், நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்தில் தரவேண்டிய அறிக்கையிலும் இருக்கப்போவது உங்கள் வீட்டுக் கதைதான். அப்பா குடிப்பாரா, பையன் பள்ளிக்கூடம் போய் எத்தனை மாதம் ஆச்சு, ராத்திரி எங்கே படுக்கிறான், யாருடன் சுற்றுகிறான். "அடங்க மாட்டேங்கறான்" என்ற சொல் அங்கே ஏறிவிட்டால், இவனை யார் பொறுப்பில் அனுப்புவது என்ற கேள்விக்கு நீங்களே 'என் பொறுப்பில் வேண்டாம்' என்று பதில் சொன்னதாக ஆகும். குடியை மறைக்கச் சொல்லவில்லை. மறைத்தால் அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது தெரிந்துவிடும். நாளையிலிருந்து அவனை யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாமா வீடோ, ஐ.டி.ஐ. அட்மிஷனோ, அம்மா ஷிஃப்ட் மாறிக்கொள்வதோ, எதுவானாலும்.

"உள்ளே" போனால், அதாவது ஜாமீன் கிடைக்காத சிறாரை வைக்கும் அரசு இல்லத்துக்குப் போனால், புத்தி வரும் என்பவர்களுக்கு ஒரு தேதி: 2022 டிசம்பர் 31. ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட தாம்பரம் பக்கத்துச் சிறுவன், வயது 17, செங்கல்பட்டு அரசு இல்லத்தில் சேர்த்த சில நாட்களுக்குள் அடித்துக் கொல்லப்பட்டான். இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதன் பிறகுதான் இந்த இல்லங்களை ஆராய நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்து, 2023 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. எல்லா இல்லமும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாலு நாள் என்பது சின்னக் கணக்கு இல்லை.

இன்னொன்று, கத்தி. செல்போனைப் பறித்துக்கொண்டு ஓடினால் அதிகபட்சம் மூன்று ஆண்டு தண்டனைக்குரிய பிரிவு; சிறார் சட்டத்தில் அது சிறு குற்றம். விசாரணை நான்கு மாதம், நீட்டித்தால் ஆறு மாதம். அதற்குள் முடியாவிட்டால் வழக்கே கைவிடப்படும். அதே பறிப்பில் ஒருவன் கத்தியைப் பயன்படுத்தியதாக வழக்கு வந்தால், குறைந்தபட்சம் ஏழு ஆண்டு என்ற பிரிவுக்குள் போய்விடும். அது கொடுங்குற்றம். பையனுக்கு 16 முடிந்திருந்தால், பெரியவனைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் மூன்று மாதத்துக்குள் மதிப்பிடும். ஆகவே "பையன் என்ன பண்ணான்?" என்று கேட்பதோடு விடாதீர்கள். "எந்தப் பிரிவு சார்?" என்றும் கேளுங்கள். 'பத்து வருஷம்' என்று யாராவது பயமுறுத்தினால், அது அதிகபட்சமா குறைந்தபட்சமா என்று கேளுங்கள். குறைந்தபட்சம் ஏழு என்று எழுதியிராத குற்றம் கொடுங்குற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது.

ஆவடிப் பக்கத்து அப்பாக்கள் கடைசியாகக் கேட்பது ஒன்றுதான். டேங்க் ஃபேக்டரியும் சி.ஆர்.பி.எஃப். முகாமும் உள்ள ஊர். "இனிமே இவன் போலீஸ் வேலைக்குப் போக முடியாதா சார்?" போகலாம். பெரியவனாக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றிருந்தால் தவிர, சிறார் வழக்கு எந்தத் தகுதியையும் பறிக்காது. 2019-ல் சி.ஐ.எஸ்.எஃப். வேலை மறுக்கப்பட்ட ஒருவர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் உறுதி செய்தது. பையனின் பெயரையோ படத்தையோ யாராவது வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், அதற்கு ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். அந்தக் குரூப்பில் இருப்பது உங்கள் மச்சானாகவே இருந்தாலும்.

(அடுத்த வாரம்: நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருகிறார்)