பொத்தானுக்கு முன்னால் நிற்கும் மனிதர்

2001 மே 10. தமிழ்நாட்டின் அத்தனை தொகுதிகளிலும் மின்னணு இயந்திரத்தைக் கொண்டு சட்டமன்றத் தேர்தல் நடந்த முதல் நாள் அது. மயிலாப்பூர் வாக்குச்சாவடிகளிலும் மக்கள் ரப்பர் முத்திரையைத் தேடாமல் நீலப் பொத்தானை அழுத்தினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது, ‘பீப்’ ஒலி நீளமாகக் கேட்டது, வேலை முடிந்தது. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் உழைத்த பொறியாளர்களில் ஒருவரை மாட வீதி வீடுகள் பல காலமாகவே அறியும், ஆனால் கதைக்காரராக. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அவர் பெயர் எஸ். ரங்கராஜன். வார இதழ்களில் சுஜாதா.

வாக்குப்பதிவு இயந்திரத்தை ‘சுஜாதா கண்டுபிடித்தது’ என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது சரியல்ல. முதல் மாதிரியை 1979-இல் ஹைதராபாத்தின் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் உருவாக்கியது. பின்னர் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்தது. அங்கே ஆராய்ச்சிப் பிரிவின் பொறுப்பில் இருந்தவர் ரங்கராஜன். பலர் கை பட்ட இயந்திரம் என்று சொல்வதால் அவருடைய பெருமை குறையப்போவதில்லை. அந்த இயந்திரத்தின் உள்ளமைப்பைப் பார்த்தால், எழுத்தாளர் சுஜாதாவும் பொறியாளர் ரங்கராஜனும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது தெரியும்.

அன்றைய இயந்திரம் இரண்டு பகுதிகளாக இருந்தது. கட்டுப்பாட்டுக் கருவி அதிகாரியின் மேஜையில், வாக்களிப்புக் கருவி மறைப்புக்குள். ஐந்து மீட்டர் கேபிள் இரண்டையும் இணைத்தது. அதிகாரி தன் பொத்தானை அழுத்தினால்தான் வாக்காளரின் கருவி விழிக்கும். வாக்காளர் ஒருமுறை அழுத்தியதும் அது மறுபடி பூட்டிக்கொள்ளும். நூறு முறை அழுத்தினாலும் ஒரே வாக்குதான். மின்சாரம் இல்லாத ஊரையும் மனதில் வைத்து, பேட்டரியில் ஓடும்படி செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்காகப் பெயருக்குப் பக்கத்தில் சின்னம் இருக்கிறது. அழுத்தியது பதிவானதா என்ற சந்தேகம் வராமல் இருக்க விளக்கும் ஒலியும்.

இவற்றையெல்லாம் விட என்னைக் கவர்ந்தது வேறொன்று. அந்த இயந்திரங்கள் நிமிடத்துக்கு ஐந்து வாக்குகளுக்கு மேல் ஏற்காதபடி அமைக்கப்பட்டன. வேகமாக வேலை செய்யக்கூடிய ஒரு கருவியை ஏன் வேண்டுமென்றே மெதுவாக்க வேண்டும்? வாக்குச்சீட்டுக் காலத்தில் சாவடியைக் கைப்பற்றும் கும்பல் கட்டுக்கட்டாகச் சீட்டுகளை எடுத்துச் சில நிமிடங்களில் முத்திரை குத்திப் பெட்டியில் திணித்துவிடும். இயந்திரத்தை அதே கும்பல் கைப்பற்றினாலும் ஒரு மணி நேரத்தில் 300 வாக்குகளைத் தாண்ட முடியாது. அதற்குள் காவல் துறை வந்து சேரலாம். வாக்குப்பதிவை முடிக்கும் பொத்தானை அதிகாரி அழுத்திவிட்டால் அதுவும் இல்லை. சில்லுக்குள் எழுதப்பட்ட ஒரு சின்ன விதி, இந்தியக் கிராமத்துத் தேர்தல் வன்முறையைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டிருக்கிறது. நிரல் எழுதுவோர் சமூகத்தைப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சமூகம் இயந்திரத்துக்குப் பாடம் நடத்திய கதைகளும் உண்டு. 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் முதன்முறையாக இதைப் பயன்படுத்தினார்கள். இயந்திரம் ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குப்பதிவைச் செல்லாது என்றது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ பிரிவு சேர்க்கப்பட்ட பிறகே வழி திறந்தது. நம் ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சியில் 1996 சட்டமன்றத் தேர்தலுக்கு 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். தங்கள் கோரிக்கைகளின் பக்கம் நாட்டின் பார்வையைத் திருப்ப விவசாயிகள் எடுத்த வழி அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியிருந்தது. அன்றைய வாக்களிப்புக் கருவி ஒன்றில் 16 வேட்பாளர்கள். நான்கு கருவிகளைக் கோத்தாலும் 64 பேர்தான். மொடக்குறிச்சியை அந்த இயந்திரத்தால் சமாளித்திருக்க முடியாது.

கருவிக்கும் மனிதருக்கும் நடுவில் எங்கே சிக்குகிறது என்ற இதே கேள்விதான் சுஜாதாவின் ‘நகரம்’ சிறுகதையிலும் இருக்கிறது. கிராமத்திலிருந்து வள்ளியம்மாள் தன் மகள் பாப்பாத்தியை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறாள். பெரிய டாக்டர் பார்த்தவுடனே மூளைச் சவ்வு அழற்சி என்று சரியாகக் கண்டுபிடிக்கிறார். உடனே சேர்க்கச் சொல்கிறார். ஆனால் அந்த உத்தரவு சீட்டாகி, வரிசையாகி, கையெழுத்தாகி, ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு அலைகிறது. படிக்கத் தெரியாத தாய் கடைசியில் மறுநாள் காலை வரச் சொல்லித் திருப்பி அனுப்பப்படுகிறாள். டாக்டர் அக்கறையோடு தேடும்போது அவள் ஊருக்குப் புறப்பட்டுவிட்டாள்.

இந்தக் கதையை அரசு ஆஸ்பத்திரி மீதான புகாராக மட்டும் படிப்பவர்கள் உண்டு. நான் அதை ஒரு பொறியாளரின் ஆய்வறிக்கையாகவும் படிக்கிறேன். அதில் கெட்டவர் யாருமில்லை. அறிவு இருக்கிறது, மருந்து இருக்கிறது, நல்ல மனமும் இருக்கிறது. தகவல் மட்டும் போய்ச்சேரவில்லை.

அந்த நோயைத் தேர்ந்தெடுத்ததிலும் அறிவியல் இருக்கிறது. மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் மூன்று சவ்வுகளில் கிருமி தொற்றி ஏற்படும் அழற்சி இது. காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, நினைவு மங்கல் என்று வரும். பாக்டீரியாவால் வந்தால் சில மணி நேரங்களிலேயே முற்றிவிடக்கூடும். ஆரம்பத்திலேயே ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பாக்டீரியாவால் இந்நோய் வந்தவர்களில் ஆறில் ஒருவர் இறக்கிறார், ஐந்தில் ஒருவருக்குக் காது கேளாமை போன்ற கடும் பாதிப்பு தங்குகிறது. ‘நாளைக் காலை வா’ என்பது மலேரியாவுக்கே ஆபத்தான சொல். இந்த நோய்க்கு அது மரண தண்டனை. இந்நோயைத் தரும் கிருமிகளில் ஒன்றான ‘ஹிப்’ பாக்டீரியாவைத் தடுக்கும் மருந்து அடங்கிய ஐந்து-நோய்த் தடுப்பூசியை இந்தியாவில் முதலில் 2011 டிசம்பரில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும். இன்று பாப்பாத்திகள் ஒன்றரை மாதக் குழந்தையாக இருக்கும்போதே அந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறார்கள். ஜன்னல் வரிசையைத் தேவையில்லாமல் ஆக்கிவிடுவதும் ஒரு நல்ல தீர்வுதான்.

மூளையைப் பற்றி ‘தலைமைச் செயலகம்’, மரபணு பற்றி ‘ஜீனோம்’, சில்லு பற்றி ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’, கேள்வி பதிலாக ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்று சுஜாதா எழுதிக்கொண்டே போனதைப் பலரும் பல்துறை ஆர்வம் என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அவருக்கு அது தனித்தனி ஆர்வமாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தமிழையும் கணிப்பொறியையும் பற்றி எழுதினாரே, அந்தத் துறையையே பாருங்கள். தமிழுக்கு 247 எழுத்து, கணிப்பொறிக்கு அது ஒத்துவராது என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு அறிவித்த தமிழ் 99 விசைப்பலகை அந்தப் பேச்சை முடித்துவைத்தது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம்: 31 விசைகள் போதும்.

அதில் ஓர் அழகான விதி உண்டு. ‘பந்து’ என்று எழுத ப, ந, த, உ என்று நான்கு தட்டு. ‘ந’வுக்குப் பிறகு ‘த’ வந்தால் மென்பொருளே ‘ந்’ என்று புள்ளி வைத்துக்கொள்ளும். ங-க, ஞ-ச, ண-ட, ம-ப, ன-ற இணைகளுக்கும் அப்படியே. ஒரே எழுத்து இரண்டு முறை வந்தாலும் முதலாவதற்குப் புள்ளி விழும். வேண்டாத இடத்தில் விழுந்தால் நடுவில் ஓர் ‘அ’ தட்டினால் தீர்ந்தது. மெல்லினமும் அதன் இன வல்லினமும் கைகோத்து வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம், விரலுக்கு வேலை குறைக்கும் நிரலாகிவிட்டது. நிமிடத்துக்கு ஐந்து வாக்கு என்ற விதிக்குத் தேர்தல் களத்தை அறிந்த மனம் வேண்டியிருந்தது. இந்த விதிக்குத் தமிழ் மொழியை அறிந்த மனம்.

சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று சென்னையில் காலமானார். இன்று திருமயிலை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறி, திருவான்மியூரில் இறங்கி டைடல் பார்க் பக்கம் வேலைக்குப் போகிறவர்களில் பலர் மருத்துவமனைகளுக்கும் வங்கிகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் மென்பொருள் எழுதுகிறார்கள். வரிசை எங்கே நிற்கிறது, எந்தத் திரையைப் பார்த்து வயதானவர்கள் திகைக்கிறார்கள், எந்தப் படிவம் ஒரு தாயைத் திருப்பி அனுப்புகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்களில் தமிழில் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. விமானப் போக்குவரத்துத் துறையிலும் பாரத் எலெக்ட்ரானிக்ஸிலும் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே ஒருவர் அதைச் செய்திருக்கிறார். நீங்கள் கட்டும் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது, யாருக்கு வேலை செய்யாமல் போகிறது என்று நம் மொழியில், பெயர் சொல்லிப் புரியும்படி, ஒரு கட்டுரையாவது எழுதுங்கள். படிக்க நாங்கள் இருக்கிறோம்.