கட்டிங் பிளேயரும் சிலேட்டும்

கேரளத்துச் சித்தூர்ப் பக்கம் தென்னையிலிருந்து விழுந்த கள் இறக்குபவரைக் கோவைக்கோ திருச்சூருக்கோ கொண்டுபோவார்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப்போன ஜீப் போடிமெட்டு வளைவில் கவிழ்ந்தால் தேனிக்கோ கோட்டயத்துக்கோ. போன ஊர்தான் வேறு. தாடை உடைந்தவர் கிடந்த கிடப்பு எங்கும் ஒன்றுதான்.

அன்று வாயைக் கட்டிவிடுவார்கள். மேல் வரிசைக்கு ஒரு பட்டைக் கம்பி, கீழ் வரிசைக்கு ஒன்று, இரண்டையும் இழுத்து முறுக்க மெல்லிய எஃகுக் கம்பி. நான்கிலிருந்து ஆறு வாரம் வாய் திறக்காது. கட்டில் தலைமாட்டில் கட்டிங் பிளேயர் தொங்கும். நோயாளி எக்ஸ்ரேக்குப் போனால் அதுவும் கூடப் போகும். குமட்டினால் சிஸ்டர் ஓடிவந்து ஒருக்களித்துப் படுக்கவைத்து, கன்னத்தின் உள்பக்கமாகச் சக்ஷன் குழாயை விடுவார். மூச்சு முட்டினால், மேலிருந்து கீழே ஓடும் கம்பிகளைத் தேடி வெட்ட வேண்டும். பல்லைச் சுற்றியதை வெட்டிப் பயனில்லை. ராத்திரி டியூட்டியில் அது கைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பாடு இன்னொரு பாடு. கஞ்சியை இரண்டு தரம் வடிகட்டி, கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாலுள்ள சந்தில் குழாய் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். கம்பி முனை கன்னத்தைக் கிழிக்காமலிருக்க அதன்மேல் மெழுகு. என்ன செய்தாலும் ஆள் இளைத்துத்தான் வீடு திரும்புவார்.

பேச வழியில்லாததால் சிலேட்டுக் கொடுப்பார்கள். எல்லைப் பக்கத்து மலையாளி நர்ஸ் பலருக்குத் தமிழ் நன்றாகப் பேசவரும், படிக்க வராது. தமிழ்ப் பள்ளியில் படித்தவர் எழுதிக்காட்டியதைப் பக்கத்துக் கட்டில்காரர் வாசித்துச் சொன்னால்தான் உண்டு. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதைக்கூட ஊரறிய எழுத வேண்டியிருந்தது.

1970களில் பிரான்ஸில் மிஷெலே, ஷாம்பி ஆகிய மருத்துவர்கள் பழக்கிய சிறு தகடுகள் இதை மாற்றின. அவை நம் பக்கம் பரவச் சில காலம் பிடித்தது. இன்று உடைந்த எலும்பில் டைட்டானியத் தகட்டை வைத்துத் திருகிவிட்டால், பலர் மறுநாளே வாய் திறந்து பேசுகிறார்கள். சில வாரம் குழைந்த சோறு, அவ்வளவுதான். சில முறிவுகளுக்கு இன்னமும் கம்பி உண்டு, பிளேயரும் உண்டு.

ஆனால் முகச் சிகிச்சை வார்டு முழுக்கப் பேச்சு திரும்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை அடக்கியே தேயிலைக் காட்டில் காலம் கழித்தவர்களும் அங்கே வருகிறார்கள். குட்காவைக் கேரளம் 2012இல் தடைசெய்தது. பல வருடம் அடக்கிய புகையிலை அதற்கு முன்பே வேலையைக் காட்டியிருக்கும். புற்று பிடித்த தாடையை வெட்டியெடுத்து, காலிலிருந்து எடுத்த எலும்பையும் தோலையும் அங்கே வைக்கிறார்கள். 1989இல் ஹிடால்கோ என்ற மருத்துவர் விவரித்த முறை. முதல் இரண்டு மூன்று நாள் சிஸ்டருக்கு உட்கார நேரமிருக்காது. அடிக்கடி அந்தத் தோலைத் தொட்டுச் சூடு பார்க்கிறார், அழுத்திவிட்டு நிறம் திரும்புகிறதா என்று பார்க்கிறார். நீலம் பாய்ந்தாலோ வெளுத்தாலோ டாக்டருக்கு உடனே போன்.

கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்திருப்பதால் இந்த நோயாளிகளுக்குக் குரல் வராது. சிலேட்டுக்குப் பதில் இப்போது செல்போன். தமிழில் தட்டினால் மலையாளத்தில் மாற்றிக் காட்டுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர் கட்டில் கம்பியைத் தட்டுகிறார்: ஒருமுறை தட்டினால் சளி எடுக்க, இரண்டு தட்டினால் வலி.