மார்க்ஸ் பார்த்தது ஆலையை, செங்கல்பட்டு பார்த்தது நிலத்தை: சமதர்மம் தமிழுக்கு வந்த கதை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியெங்கும் 'மனைகள் விற்பனைக்கு' போர்டுகள்தான். ஐடி வேலையில் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆனவர்கள் வார இறுதியில் வந்து பிளாட் பார்க்கிறார்கள். பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் கேட்பார்கள். 'இந்த நிலம் முதலில் யாருடையது?' என்று மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை.

இதே செங்கல்பட்டுப் பகுதியில் சுமார் 150 வருஷத்துக்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டு ஒருவர் புத்தகமே போட்டார். ஐரோப்பாவில் சோசலிசம் சூடுபிடித்திருந்த அதே காலம் அது.

ஐரோப்பாவில் என்ன நடந்தது?

நீராவி எந்திரங்கள் வந்தன, ஆலைகள் பெருகின. குழந்தைகள் உட்பட குடும்பமே ஆலைக்குப் போய் உழைத்தும் வறுமை தீரவில்லை. இதைப் பார்த்து வளர்ந்த கலைஞர்கள், ராஜா ராணி கதைகளை ஓரம்கட்டிவிட்டு உள்ளதை உள்ளபடி காட்டத் தொடங்கினார்கள். பிரெஞ்சு ஓவியர் கூர்பே 1849ல் சாலையோரம் கல் உடைக்கும் இரண்டு பேரை வரைந்தார். எமிலி ஸோலா 1885ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை 'ஜெர்மினல்' என்ற நாவலாக்கினார். இதற்குப் பெயர்தான் யதார்த்தவாதம்.

உள்ளதைப் பார்த்தாச்சு. அது ஏன் இப்படி இருக்கு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் சோசலிசம். மார்க்ஸும் எங்கெல்ஸும் 1848ல் கம்யூனிஸ்ட் அறிக்கையை வெளியிட்டார்கள். 1867ல் 'மூலதனம்' முதல் பாகம் வந்தது. சுருக்கமாகச் சொன்னால், உழைப்பவர் ஒருவர், ஆலையும் எந்திரமும் இன்னொருவர் கையில். பிரச்சினையின் வேர் அங்கேதான் என்றார்கள்.

சரி, இதுக்கும் செங்கல்பட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இங்கே இருந்தது ஆலை அல்ல, நிலம். கிராம நிலத்தில் பரம்பரைப் பங்கு உள்ளவர்கள் மிராசுதாரர்கள். தரிசு நிலத்தில்கூட முன்னுரிமை அவர்களுக்குத்தான். மிராசுப் பங்கு இல்லாமல் பயிர் செய்தவர்கள் பாயக்காரிகள். இவர்களுக்கும் கீழே, சொந்தமாகக் குடிசை போட இடம்கூட இல்லாமல் பண்ணையாட்களாக இருந்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். யார் எந்த வரிசையில் நிற்பது என்பதைச் சாதி முடிவு செய்தது.

மிராசுதாரர்களுக்கும் பாயக்காரிகளுக்கும் இடையிலான இந்த விவாதத்தை அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர் 1872ல் பாயக்காரிகள் பக்கம் நின்று புத்தகமாக எழுதினார். அதற்கு அவருக்கு லண்டன் போக வேண்டியிருக்கவில்லை, கண்ணெதிரே வயல் இருந்தது. 1882ல் சாதி, மதச் சடங்குகளை விமர்சித்தும் எழுதினார். அதே 1882ல் சென்னையில் தொடங்கி 1888 வரை வந்த 'தத்துவ விவேசினி' இதழ், இங்கிலாந்து நாத்திகர் சார்லஸ் பிராட்லா போன்றவர்களின் கருத்துகளைத் தமிழில் பரப்பியது.

அரசும் கண்ணைத் திறக்க வேண்டிவந்தது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை பற்றி 1891ல் அறிக்கை கொடுத்தார். 1892ல் சென்னை மாகாண அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. இவைதான் 'பஞ்சமி நிலங்கள்'. பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை.

1929: செங்கல்பட்டு மாநாடு

பெரியாரின் சுயமரியாதை இயக்கம் தன் முதல் மாகாண மாநாட்டை 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் நடத்தியது செங்கல்பட்டில்தான். தலைமை வகித்தவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக் கூடாது, பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும், 16 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் கூடாது, விரும்பியவரை மணக்கவும் விலகவும் உரிமை வேண்டும் என்று தீர்மானங்கள் நிறைவேறின.

கம்யூனிஸ்ட் அறிக்கை 'குடி அரசு' இதழில் தமிழில் வந்தது இதற்குப் பிறகு, 1931ல். அந்த ஆண்டு இறுதியில் பெரியார் சோவியத் யூனியன், ஜெர்மனி உள்ளிட்ட நாடுகளுக்குக் கிளம்பினார். திரும்பி வந்ததும் 1932 டிசம்பரில் சிங்காரவேலருடன் சேர்ந்து ஈரோட்டில் சமதர்மத் திட்டத்தை முன்வைத்தார்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். சாதி, பெண்ணுரிமைத் தீர்மானங்கள் முதலில், மார்க்ஸ் அப்புறம். ஐரோப்பாவில் முதலாளி, தொழிலாளி என்று இருந்த கோடு, இங்கே வயலிலும் வீட்டுக்குள்ளும் ஓடியது. அதனால்தான் தமிழ்ச் சமதர்மம் கூலியோடு சேர்த்துக் கல்யாணத்தையும் பெயரையும் பற்றிப் பேசியது.

இப்போ எங்கே நிற்கிறோம்?

செங்கல்பட்டில் கேட்ட பெண் சொத்துரிமை தமிழ்நாட்டில் சட்டமாக 60 வருஷம் ஆனது: 1989. நாடு முழுவதற்கும் 2005ல்தான் வந்தது. நிலத்தின் கதை இன்னும் முடியவில்லை. பஞ்சமி நிலங்கள் பல இடங்களில் நிபந்தனையை மீறிக் கைமாறின. மாமல்லபுரம் அருகே காரணை கிராமத்து மக்கள் தங்கள் நிலத்தைக் கேட்டு 1994ல் போராடினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் பலியானார்கள். நிலத்தை மீட்க வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் தொடர்கிறது.

இந்தப் பக்கம் பிளாட் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். வில்லங்கச் சான்றோடு நிற்காமல், பழைய நிலப் பதிவேடுகளில் அந்தச் சர்வே எண் 'டிசி நிலம்' என்று இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. டிசி என்றால் பஞ்சமி. நிபந்தனையை மீறி வாங்கிய நிலத்துக்கு எத்தனை பேர் கைமாறிப் பத்திரம் இருந்தாலும் உரிமை நிற்காது. கையில் வரும் பத்திரத்துக்கு முன்னால் 1892ன் ஒரு உத்தரவு இருக்கிறது.