மொசாம்பிக் கலவரமும் நம் வீட்டுத் துவரம் பருப்பும்

ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு தேர்தல், ஏதோ ஒரு கலவரம். நமக்கென்ன என்று கேட்பீர்கள். இந்தியா துவரை வாங்கும் முக்கிய நாடுகளில் மொசாம்பிக்கும் ஒன்று. இதற்காக 2016-ல் ஒப்பந்தமே போடப்பட்டது. உங்கள் சாம்பாரில் அந்த ஊர்ப் பருப்பும் வெந்திருக்கலாம்.

என்னதான் நடந்தது? 2024 அக்டோபர் 9 அன்று அதிபர் தேர்தல். 1975-ல் விடுதலை பெற்றது முதல் ஆளும் ஃபிரெலிமோ கட்சியின் டேனியல் சாப்போ வென்றதாக அறிவித்தார்கள். எதிர்த்து நின்ற வெனான்சியோ மொண்ட்லானே அதை ஏற்கவில்லை. முடிவு அறிவிக்கப்படும் முன்பே அவருடைய வழக்கறிஞர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். மக்கள் தெருவில் இறங்கினார்கள். இறந்தவர்கள் 300-க்கும் மேல் என்றது ஓர் உள்ளூர்க் கண்காணிப்புக் குழு.

பக்கத்து நாட்டுத் தலைவர்கள் தட்டிக் கேட்கவில்லையா? அங்கே 'சாடெக்' (ஆப்பிரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த 16 நாடுகளின் கூட்டமைப்பு) இருக்கிறது. நவம்பர் 20 அன்று ஹராரேயில் அவசரமாகக் கூடியது. இரங்கல் தெரிவித்தது, அமைதி காக்கச் சொன்னது. அதன் அப்போதைய தலைவர், ஜிம்பாப்வே அதிபர் எம்மர்சன் முனாங்காக்வா, முடிவு முறைப்படி வெளிவருமுன்பே ஃபிரெலிமோவுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டவர். அவர் கூட்டிய பஞ்சாயத்தை எதிர்த்தரப்பு எப்படி நம்பும்?

ஏன் இந்தத் தயக்கம்? ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா, அங்கோலா, நமீபியா, தான்சானியா என்று அந்தப் பகுதியில் பல நாடுகளை ஆள்பவை விடுதலைப் போராட்ட காலத்துக் கட்சிகள். ஒன்றுக்கொன்று பழைய தோழமை. இன்று மொசாம்பிக் தலைநகர் மாபுட்டோவில் எழும் கேள்வி நாளை தம் தலைநகரிலும் எழலாம் என்ற அச்சமும் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

படை அனுப்பியிருக்கலாமே? 2017-ல் காம்பியாவில், தோற்றும் பதவி விலகாத யாஹ்யா ஜாமேவை மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் படையைக் காட்டித்தான் வெளியேற்றின. ஆனால் அங்கே தேர்தல் ஆணையம் எதிர்க்கட்சி வென்றதாக அறிவித்திருந்தது. மொசாம்பிக்கிலோ டிசம்பர் 23 அன்று அரசமைப்பு மன்றமே (தேர்தல் வழக்குகளில் இறுதித் தீர்ப்புச் சொல்லும் அமைப்பு) சாப்போவின் வெற்றியை உறுதிசெய்தது. தலையிடச் சட்டப் பிடிமானம் இல்லை.

பேசாமல் இருந்ததால் பக்கத்து நாடுகள் தப்பித்தனவா? இல்லை. தென்னாப்பிரிக்கா தன் லெபோம்போ எல்லைச் சாவடியைச் சில நாள் மூட வேண்டியதாயிற்று. மாபுட்டோ துறைமுகத்துக்குக் குரோமியத் தாது ஏற்றிவந்த லாரிகள் வழியில் நின்றன. ஆயிரக்கணக்கானோர் மலாவிக்குள் ஓடினார்கள். சொந்த மக்களுக்கே உணவு போதாத நாடு அது.

சரி, நம் பருப்பு? நம் ஊர்ப் புதுத் துவரை சந்தைக்கு வருவது டிசம்பர், ஜனவரியில்தான். அதற்கு முந்தைய மாதங்களின் பற்றாக்குறையை ஆப்பிரிக்கச் சரக்கும் சேர்ந்துதான் ஈடுகட்டுகிறது. அங்கே கலவரம் மூண்டதும் அதே மாதங்களில்தான். உடனே மூட்டையாக வாங்கி அடுக்க வேண்டுமா என்றால், வேண்டாம். மியான்மரிலிருந்தும் துவரை வருகிறது. விலை உள்ளூர் விளைச்சலையும் இறக்குமதி வரியையும் பொறுத்தும் மாறும். எல்லோரும் பதறி வாங்கினால்தான் விலை நிச்சயம் ஏறும்.

சாப்போவும் மொண்ட்லானேயும் 2025 மார்ச் 23 அன்று நேரில் சந்தித்தார்கள். இனி இப்படிக் கலவரச் செய்தி வரும்போது தலைவர்களின் அறிக்கையோடு நிற்காதீர்கள். துவரை கப்பலேறும் நக்காலா துறைமுகம் இயங்குகிறதா என்று பாருங்கள். உங்கள் மளிகைக் கணக்குக்கு வேண்டிய செய்தி அதுதான்.