கேரவன் வீடு: நிலமில்லாமல் குடியிருக்க முடியுமா?

நிலத்தில் அடித்தளம் இடாமல், மோட்டார் வாகனத்தின் அடிச்சட்டத்தின் மேல் படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை அமைத்து, குடியிருக்கவும் பயணம் செய்யவும் ஏற்றவாறு செய்யப்படும் வண்டியே கேரவன் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் இச்சொல் பெரும்பாலும் திரைப்படத்துறையின் வழியாகவே பரவியது. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தின் படப்பிடிப்பு வளாகத்தில், நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளவும் ஓய்வெடுக்கவும் நிறுத்தப்படும் நீண்ட வண்டிகளே பலருடைய நினைவுக்கு வரும். அமெரிக்காவிலோ, 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் பலர், வாடகையைத் தவிர்ப்பதற்காக ஆண்டு முழுவதும் இத்தகைய வண்டிகளிலேயே வாழத் தொடங்கினர். அவர்களுடைய வாழ்க்கையை ஜெசிக்கா புரூடர் 2017இல் வெளியிட்ட ‘நோமேட்லேண்ட்’ என்னும் நூல் விரிவாகப் பதிவு செய்கிறது.

வாடகைச் சுமை சென்னையின் மேற்குப் புறநகருக்கும் புதிதன்று. 1964இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையும், ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி வளர்ந்த ஆலைகளும் வெளிமாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்களை ஈர்த்துக்கொண்டே இருக்கின்றன. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் கூறினாலும், அவ்வழக்கம் மறைந்துவிடவில்லை. மாத வாடகை 8,000 ரூபாய் என்று கொண்டால், குடிபுகும் நாளிலேயே அட்வான்ஸாக மட்டும் 80,000 ரூபாய் தேவைப்படும்.

ஏறத்தாழ இதே அளவு பணத்தில் ஒரு வீட்டையே செய்துவிட முடியும் என்பதை நாமக்கல் மாவட்டம் பரமத்திவேலூரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் என். ஜி. அருண் பிரபு 2019இல் காட்டினார். சென்னையிலும் மும்பையிலும் குடிசைப் பகுதிகளின் வீடுகளை ஆராய்ந்த அவர், மூன்று சக்கர ஆட்டோ ஒன்றின் மேல் 36 சதுர அடிப் பரப்பில், பழைய பொருள்களைப் பெரிதும் பயன்படுத்தி, ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய்ச் செலவில் ‘சோலோ 01’ என்னும் வீட்டை அமைத்தார். படுக்கை, சமையலிடம், கழிப்பறை, வேலை செய்யும் இடம் ஆகியவற்றோடு 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் 600 வாட் சூரியத் தகடுகளும் கொண்ட இவ்வீடு, போல்ட்டுகளால் வண்டியோடு இணைக்கப்பட்டிருந்ததால் அதனைக் கழற்றி வைக்கவும் முடிந்தது. இத்தகைய வீடு அன்றாட வாழ்க்கைக்கு எந்த அளவு ஈடுகொடுக்கும் என்பதை அதன் தண்ணீர், மின்சாரம், வெப்பம், கழிவு ஆகிய நான்கையும் கொண்டு அளவிடலாம்.

முதலாவது தண்ணீர். பாதாளச் சாக்கடை உள்ள இந்திய நகரங்களில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வழங்கப்பட வேண்டும் என்பது திட்ட அளவு. அதன்படி 250 லிட்டர் இருவருக்கு ஒரு நாளைக்குக்கூடப் போதாது. ஆளுக்கு 30 லிட்டராகச் சுருக்கிக்கொண்டால் நான்கு நாள் தாங்கும். தொட்டியைப் பெரிதாக்குவதும் எளிதன்று. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோகிராம் எடையுடையதாகையால், 250 லிட்டர் நான்கு பெரியவர்களின் எடைக்கு ஈடாகிறது. அவ்வெடை உயரத்தில் அமையும்போது வண்டியின் ஈர்ப்பு மையமும், அதாவது முழு எடையும் திரண்டு நிற்பதாகக் கொள்ளத்தக்க புள்ளியும், மேலேறுவதால் வளைவுகளில் வண்டி கவிழும் வாய்ப்பு மிகுகிறது. ஆகவே சிறிய வண்டிகளில் தொட்டியைத் தாழ அமைப்பதும், வண்டியை நிறுத்திய பின்னரே அதை நிரப்புவதும் பாதுகாப்பானவை.

இரண்டாவதும் மூன்றாவதுமான மின்சாரமும் வெப்பமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒரு கிலோவாட் சூரியத் தகடு சென்னையின் வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும் என்ற கணக்கில், 600 வாட் தகடுகள் ஏறத்தாழ இரண்டரை யூனிட் தரும். மின்விளக்குகளுக்கும், 30 வாட்டில் ஓடும் புதுவகை மின்விசிறிக்கும், கைப்பேசிக்கும், சிறிய குளிர்பெட்டிக்கும் இது போதும். ஆனால் குளிர்சாதனக் கருவி இரண்டு மணி நேரத்திலேயே அன்றைய மின்சாரம் முழுவதையும் தீர்த்துவிடும். மே மாதத்தில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஆவடியில், வெறும் தகரச் சுவர் கொண்ட வண்டி அடுப்பாகவே மாறும். எனவே, சுவரின் இரு தகரங்களுக்கு இடையே தெர்மகோல் போன்ற வெப்பங்கடத்தாப் பொருளை வைத்தல், கூரைக்கு வெள்ளை வண்ணம் பூசுதல், கூரைக்கு மேல் காற்று புகும் இடைவெளி விட்டு இன்னொரு நிழற்கூரை அமைத்தல், எதிரெதிர்ச் சாளரங்கள் வைத்தல் ஆகியவை வசதிக்காக அன்றி உயிர்ப் பாதுகாப்புக்காகவே தேவைப்படுகின்றன.

நான்காவதான கழிவே மிகக் கடினமானது. குளியலறை, சமையலறைக் கழிவுநீரை ஒரு தொட்டியிலும் கழிப்பறைக் கழிவை வேறொரு தொட்டியிலும் தேக்கி, உரிய இடத்தில் வெளியேற்றுவதே கேரவன்களின் முறை. மேலைநாடுகளில் கேரவன் பூங்காக்கள், அதாவது கட்டணம் பெற்றுக்கொண்டு வண்டிக்குத் தண்ணீர், மின்சாரம், கழிவுக்குழாய் ஆகிய மூன்றையும் இணைத்துத் தரும் திடல்கள், இதற்கென்றே உள்ளன. இங்கோ, அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளில் கழிவுநீர் கலப்பது ஏற்கெனவே தீராத் துன்பமாக இருக்கும்போது, வண்டிகளின் கழிவும் மழைநீர்க் கால்வாய்க்குள் போவதை எவ்வகையிலும் ஏற்க இயலாது.

மழைக்காலத்தில் இவ்வண்டிக்கு ஒரு சிறப்பு உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை நீரில் மூழ்கியதைப் போன்ற வேளைகளில், சக்கரமுள்ள வீடு முன்கூட்டியே மேட்டுநிலத்துக்கு நகர்ந்துவிடலாம். எனினும் உயர்ந்து குறுகிய வண்டி புயற்காற்றுக்கு எளிதில் ஆட்படுவதால், இச்சிறப்பு எச்சரிக்கை வந்தவுடனே புறப்படுவோர்க்கு மட்டுமே பயன்படும்.

சட்டமும் கவனிக்கத்தக்கது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடுமாறு வண்டியை உரிமையாளர் தாமாக மாற்றியமைக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியது. கேரவன்களுக்கென ‘ஏ.ஐ.எஸ். 124’ என்னும் தனித் தரவிதியும் உள்ளது. ஆகவே பட்டறையில் வீடு கட்டும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலை நாடுவது இன்றியமையாதது. நிலையான முகவரி இல்லாததும் குடும்ப அட்டை, எரிவாயு இணைப்பு போன்றவற்றுக்குத் தடையாகலாம். ஆயினும் வீடற்றோர் வாக்காளராக விண்ணப்பிக்கும்போது, வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் சென்று அவர் அங்கே உறங்குவதை உறுதிசெய்தால் போதும் என்று தேர்தல் ஆணையம் வகுத்துள்ள முறை, முகவரிச் சிக்கலுக்கும் அரசு விரும்பினால் வழி காண முடியும் என்பதை மெய்ப்பிக்கிறது.

இவற்றை ஒருசேர நோக்கினால், கேரவன், வீட்டின் விலையைக் குறைக்கிறதே தவிர நிலத்தின் தேவையை நீக்குவதில்லை என்பது தெளிவாகும். சுவரும் கூரையும் ஒரு லட்சத்தில் அமைந்துவிடலாம். ஆனால் இரவில் அச்சமின்றி நிற்கவும், தண்ணீர் நிரப்பவும், கழிவை ஒப்படைக்கவும் இடமில்லையேல், சேமித்த வாடகை தண்ணீருக்கும் எரிபொருளுக்கும் அபராதத்துக்கும் கரைந்துபோகும். கேரளம் 2021இல் அறிவித்த கேரவன் கொள்கை வண்டிகளோடு பூங்காக்களையும் சேர்த்தே திட்டமிட்டது. அது சுற்றுலாவுக்கானது என்றாலும் அதன் அடிப்படை இங்கும் பொருந்தும். தொழிற்பேட்டைகளின் லாரி நிறுத்துமிடங்களில் ஒரு பகுதியை ஒதுக்கி, குடிநீர்க் குழாய், மின்னிணைப்பு, கழிவுத்தொட்டி ஆகியவற்றைக் குறைந்த கட்டணத்தில் அளித்தால், தனித்து வாழும் இளந்தொழிலாளர்க்கும் லாரி ஓட்டுநர்க்கும் கேரவன் உண்மையான உறைவிடமாகக்கூடும். வண்டியைச் செய்யும் திறமை அம்பத்தூரின் பட்டறைகளில் ஏற்கெனவே உள்ளது. அவ்வண்டி முறைப்படி நிற்பதற்கான திடலை அமைப்பதே உள்ளாட்சி அமைப்புகள் முதலில் செய்ய வேண்டிய பணியாகும்.