உங்களுக்குத் தெரியுமா? மருந்துச் சீட்டில் ஒரு வீடியோ கேம்

2020 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு வீடியோ கேமைச் சிகிச்சையாகவே அனுமதித்தது. பெயர் எண்டெவர்ஆர்எக்ஸ். ஏ.டி.ஹெச்.டி. எனும் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு உள்ள 8 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு அப்போது டாக்டர் சீட்டு எழுதித் தரவேண்டியிருந்தது. அதற்கும் அளவு உண்டு: நாளுக்குச் சுமார் 25 நிமிடம், வாரம் 5 நாள்.

மற்ற கேம்களில் யார் அளவு வைக்கிறார்கள்? உடனுக்குடன் பரிசு கொடுத்து இழுத்துப் பிடிப்பதுதானே அவற்றின் பிழைப்பு! இக்குழந்தைகள் எளிதில் சிக்குவதற்கு அதுவும் ஒரு காரணம். போனை வெடுக்கென்று பிடுங்கினால் ரகளைதான். ‘இந்த லெவல் முடிந்ததும் சாப்பாடு’ என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது பல வீடுகளில் பலிக்கிறது.

திரைப் பழக்கம் கைமீறிப் போனால்? பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே ‘ஷட்’ கிளினிக்கை 2014-இல் தொடங்கினார்கள். பெற்றோருக்கும் அங்கே ஆலோசனை உண்டு.