மொறுமொறுக்கும் தோல்: சீனர் சுடும் பன்றியிறைச்சி

தென் சீனத்துக் குவாங்டாங் மாநிலத்தாரும் ஹாங்காங் நகரத்தாரும் பன்றியிறைச்சி சுடுவதில் கைதேர்ந்தவர்கள். செந்நிறமாய் இனிப்புப் பூச்சுடன் தொங்கும் ‘சா சியூ’ ஒரு வகை. தோல் பொரிந்த ‘சியூ யுக்’ மற்றொரு வகை. ஹாங்காங்கின் சிறிய வீடுகள் பலவற்றில் ஓவன் இல்லாமையால், மக்கள் இவற்றைக் கடைகளிலேயே வாங்குகின்றனர். நம் கல்லறைத் திருநாளை ஒத்த சிங்மிங் நாளில், முழுப் பன்றியையே சுட்டு முன்னோர் கல்லறைமுன் படைப்பாரும் உளர்.

ஓவன் உள்ள இல்லத்தில் சியூ யுக் செய்ய இயலும். ஆயினும் முன்னரே சொல்லிவிடுகிறோம்: ஒரே நாளில் இது முடியாது.

தோலோடு கூடிய வயிற்றுப்பகுதி இறைச்சியை ஒரே துண்டாக 1 கிலோ வாங்குக. தோற்பக்கத்தைக் கொதிநீரில் 10 நிமிடம் வேகவைத்துத் துடைத்து, கூரிய ஊசியால் நெருக்கமாகக் குத்துக. ஊசி சதைவரை இறங்கலாகாது; இறங்கினால் சாறு மேலேறித் தோலை நனைக்கும். பின்னர் அன்னாசிப்பூ, கிராம்பு, பட்டை, பெருஞ்சீரகம், சிச்சுவான் மிளகு ஆகிய ஐந்தின் பொடியையும் உப்பையும் சதைப்பக்கத்தில் மட்டும் தேய்த்திடுக. தோலுக்குச் சிறிது வினிகரும் உப்புமே போதும்.

இனி, ஆழ்ந்த தட்டொன்றில் தோல் மேற்புறமாக வைத்து, மூடாமல், குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் ஓரிரவு வைத்திடுக. இதில்தான் பலர் பொறுமை இழக்கின்றனர். ஈரத்தோல் சூட்டில் வார்போல் இறுகிவிடும். உலர்ந்த தோலோ, எஞ்சிய சிறிதளவு நீர் ஆவியாகி உந்த, அப்பளம்போல் பொரிந்தெழும்.

மறுநாள் 180 பாகை செல்சியசில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுட்டபின், சூட்டை 230 பாகையாக உயர்த்துக. 20 நிமிடத்திற்குள் தோல் கொப்புளங்களாய் வெடிக்கும். அவ்வேளை தொலைபேசி மணி அடித்தாலும் ஓவனை விட்டு அகலாதீர்கள். பொன்னிறம் கரியாக இரண்டு நிமிடம் போதும்.

தோல் பொரிந்ததுகொண்டு உள்ளே வெந்துவிட்டதென எண்ணலாகாது. அரைவேக்காட்டுப் பன்றியிறைச்சியால் நாடாப்புழு குடலில் குடியேறும். அப்புழுவின் முட்டைகள் மலத்தின் வழியே உணவிலும் நீரிலும் கலந்து உடலுட் புகுந்தால், மூளையில் கட்டிகள் தோன்றி வலிப்பு நோய் வரலாம். ஆகவே வெப்பமானியைத் துண்டின் நடுவே செருகி, 71 பாகை காட்டிய பின்னரே வெளியே எடுப்பது நலம்.

கால் மணி ஆறவிட்டு, தோல் கீழ்ப்புறமாக இருக்கக் கனத்த கத்தியால் வெட்டினால் மேலோடு நொறுங்காது. தொட்டுக்கொள்ளக் கடுகு விழுதோ சர்க்கரையோ வைப்பது அவர்கள் வழக்கம். மிச்சத்தை மறுநாள் ஓவனிலேயே சூடாக்குக. மூடி வைத்துச் சூடாக்கினால் தோல் மீண்டும் துவண்டுவிடும்.